யாருக்குப் போகிறது? – ஒரு தவக்கால வாசிப்பு நாட்குறிப்பு

மார்ச் 5, 2025, சாம்பல் புதன்

இந்தத் தவக்காலத்தில் காப்பியை விடுவது, இனிப்பை விடுவது என்று எதுவும் செய்யாமல், கிரேல் கதைகளை அவை எழுதப்பட்ட வரிசையிலேயே படிப்பது என்று முடிவு செய்திருக்கிறேன். இயேசு கடைசி இராவுணவில் பயன்படுத்திய கிண்ணம், அதைத் தேடிப் போகும் ஆர்தர் அரசவையின் வீரர்கள் என்ற அளவில் நம் எல்லோருக்கும் இது தெரிந்த கதைதான். ஆனால் முதன்முதலில் இதை எழுதியவர் என்னதான் எழுதினார் என்று பார்க்க வேண்டும் என்ற ஆசை வெகுநாளாக உண்டு.

அவர் கிரெத்தியன் த துருவா என்ற பிரெஞ்சுக் கவிஞர். 1180களில், பிளாண்டர்ஸ் கோமகன் பிலிப்புக்காக எழுதத் தொடங்கி, முடிக்காமலேயே விட்டுவிட்டார். அந்தப் பிலிப்போ சிலுவைப்போருக்குப் போய் 1191இல் ஆக்கர் முற்றுகையின்போது இறந்துபோனார். நான் படிப்பது ஓர் ஆங்கில உரைநடை மொழிபெயர்ப்பு.

காட்டுக்குள் தாய் ஒருத்தியால் வளர்க்கப்படும் வேல்ஸ் நாட்டுப் பையனில் கதை தொடங்குகிறது. கணவனையும் மூத்த பிள்ளைகள் இருவரையும் வீரத் தொழிலுக்குப் பலிகொடுத்தவள் அவள். கடைக்குட்டியின் காதில் ‘வீரன்’ என்ற சொல்லே விழாமல் வளர்த்திருக்கிறாள். ஒரு நாள் காட்டில் கவசங்கள் கலகலக்க ஐந்து வீரர்கள் வருகிறார்கள். ஓசையைக் கேட்டுப் பேய்கள் என்று நினைத்தவன், பளபளப்பைக் கண்டதும் வானதூதர்கள் என்று நினைத்து, அவர்களில் அழகானவனைப் பார்த்து “நீர் கடவுளா?” என்று கேட்கிறான். வந்தவன் இந்த வழியாக யாராவது போனார்களா என்று விசாரிக்கிறான். பையனோ அதற்குப் பதிலே சொல்லாமல், இது என்ன, அது எதற்கு என்று ஈட்டியையும் கேடயத்தையும் தொட்டுத் தொட்டுக் கேட்டுக்கொண்டே போகிறான். கவசத்தைப் பிடித்து, “பிறக்கும்போதே இப்படித்தான் பிறந்தீரா?” என்றும் கேட்கிறான். பின்னால் வரப்போவதைக் கேள்விப்பட்டிருப்பதால், இந்த ஓயாத கேள்விகளை ஓரத்தில் கோடிட்டு வைத்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

தாய் தடுத்தும் அந்தப் பையன், பெர்சிவல், நிற்கவில்லை. அவள் கடைசியாகச் சொல்லும் அறிவுரைகளில் ஒன்று, வழியிலோ விடுதியிலோ யாரோடு சேர்ந்தாலும் அவர் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள் என்பது. கல்லெறி தூரம் போனவன் திரும்பிப் பார்க்கிறான். பாலத்தின் முனையில் தாய் சுருண்டு விழுந்து கிடக்கிறாள். குதிரையைத் தட்டிவிட்டுப் போய்விடுகிறான். கவிஞர் இதற்குச் செலவிடுவது சில வரிகள் மட்டுமே.

பிறகு கோர்னமான் என்ற மூத்த வீரர் அவனுக்கு ஆயுதப் பயிற்சி கொடுத்து, குதிமுள் பூட்டி, வாள் கட்டி வீரனாக்குகிறார். அவர் சொல்லும் புத்திமதி: அதிகம் பேசாதே. அதோடு, எதற்கெடுத்தாலும் ‘என் அம்மா சொன்னார்’ என்று சொல்வதையும் நிறுத்திவிடு, சிரிப்பார்கள் என்கிறார். பையன் இரண்டையும் அப்படியே பிடித்துக்கொள்கிறான்.

கோர்னமான் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே என்றும், வெளியே கிளம்புகிறவரைப் பார்த்து எங்கே போகிறீர்கள் என்று கேட்காதே என்றும் சொல்லி வளர்க்கப்பட்டவன் நான். எங்கள் ஆச்சி இருந்திருந்தால் கோர்னமானுக்கு முழு மதிப்பெண் கொடுத்திருப்பார்.

மார்ச் 16, ஞாயிறு

இன்று கோட்டைக் காட்சி. நான்கைந்து பக்கங்கள்தான். இரண்டு மணி நேரம் அதிலேயே உட்கார்ந்திருந்தேன்.

ஆற்றைக் கடக்க வழியில்லாமல் நிற்கும் பெர்சிவல், படகில் தூண்டில் போட்டுக்கொண்டிருக்கும் ஒருவரைக் காண்கிறான். அவர் இரவு தங்கத் தம் வீட்டுக்கு வழி சொல்கிறார். போய்ப் பார்த்தால் அது கோட்டை. நடுக்கூடத்தில் பெரிய நெருப்பின் அருகே, கட்டிலில் சாய்ந்தபடி அதே மனிதர். எழுந்து வரவேற்க முடியாததற்கு மன்னிப்புக் கேட்கிறார். இவர்தான் மீன்பிடி அரசர். போரில் எறியீட்டி தொடைகளில் பாய்ந்ததிலிருந்து குதிரையேற முடியாமல், வேட்டைக்குப் பதிலாக மீன்பிடிப்பதைப் பொழுதுபோக்காக வைத்துக்கொண்டவர்.

பேசிக்கொண்டிருக்கும்போது ஓர் அறையிலிருந்து இளைஞன் ஒருவன் வெள்ளை ஈட்டியை நடுவில் பிடித்தபடி வருகிறான். அதன் முனையிலிருந்து ஒரு துளி இரத்தம் கிளம்பி, தண்டு வழியே அவன் கைவரை இறங்குகிறது. பெர்சிவலுக்குக் கேட்க வேண்டும் போலிருக்கிறது, கோர்னமான் நினைவுக்கு வருகிறார், வாயை மூடிக்கொள்கிறான். பின்னால் பொன் விளக்குத்தண்டுகளை ஏந்தி இருவர், ஒவ்வொன்றிலும் குறைந்தது பத்து மெழுகுவர்த்திகள். பிறகு ஒரு பெண் இரு கைகளாலும் ‘ஒரு கிரேலை’ ஏந்தி வருகிறாள். அது உள்ளே வந்ததும், கதிரவன் எழும்போது விண்மீன்கள் மங்குவதுபோல மெழுகுவர்த்திகள் ஒளியிழக்கின்றன. அவளுக்குப் பின்னால் வெள்ளித் தட்டோடு இன்னொரு பெண். எல்லோரும் கட்டிலுக்கு முன்னால் கடந்து இன்னோர் அறைக்குள் போய்விடுகிறார்கள்.

‘ஒரு கிரேல்’ என்பதைக் கவனிக்க வேண்டும். அந்தக் காலப் பிரெஞ்சில் அது வீட்டுப் பாத்திரத்தின் பெயர்; பணக்காரர் பந்தியில் உயர்ந்த உணவு வகைகளை வைத்துக்கொண்டு வரும், அகன்று சற்றே குழிந்த தட்டம். நம் ஊரில் தாம்பாளம் என்பதைப் போல. புனிதம் என்ற அடைமொழியோ கிண்ணம் என்ற பொருளோ இந்த இடத்தில் இல்லை.

பிறகு பந்தி. மிளகு சேர்த்துச் சமைத்த மானின் தொடைக்கறி வருகிறது (1180களின் பிரான்சில் அந்த மிளகு நம் மேலைக் கடற்கரையிலிருந்துதான் போயிருக்க வேண்டும்). ஒவ்வொரு பதார்த்தம் மாறும்போதும் கிரேல் மூடாமல் அவன் கண்ணெதிரே மறுபடியும் கடந்து உள்ளறைக்குப் போகிறது. அதைக் கொண்டு யாருக்கு உணவளிக்கிறார்கள் என்று கேட்டுவிடலாம் என்று ஒவ்வொரு முறையும் நினைக்கிறான். காலையில் போகும்போது வேலையாட்களில் ஒருவனைக் கேட்டுக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு சாப்பிடுகிறான்.

மார்ச் 17, திங்கள்

இரவெல்லாம் அந்த ஊர்வலம் கண்ணில் நின்றது. அதை நான் எங்கோ பார்த்திருக்கிறேன் என்ற எண்ணம் விடவில்லை. காலையில் பல் துலக்கும்போதுதான் பிடிபட்டது.

கடற்கரையில் எங்கள் ஊரில் நான் பூசைக்கு உதவும் பையனாக இருந்த காலத்தில், எழுந்து நடமாட முடியாதவர்களுக்குச் சாமியார் அவர்கள் வீட்டுக்கே நன்மை, அதாவது பூசையில் அர்ச்சித்த அப்பம், கொண்டுபோவார். முன்னால் உபதேசியார் மணியடித்துக்கொண்டு நடப்பார். அவருக்குப் பின்னால் நான் மெழுகுவர்த்தியோடு. கடற்காற்றில் அணையாமல் உள்ளங்கையால் மறைத்துப் பிடிக்க வேண்டும். மெழுகு உருகி விரல் வழியே மணிக்கட்டு வரை இறங்கும். சுட்டாலும் உதறக் கூடாது. மணிச்சத்தம் கேட்டுப் பெண்கள் முக்காடு போட்டுக்கொண்டு வாசலில் முழங்காலிடுவார்கள். நாங்கள் கடக்கும்போது யாராவது ஒருத்தி தணிந்த குரலில், “யாருக்குப்பா போகுது?” என்பார். நன்மையோடு போகும்போது வாய் திறக்கக் கூடாது என்பது உபதேசியாரின் கண்டிப்பான கட்டளை. தெரிந்திருந்தும் சொல்லாமல் நடப்பேன்.

அலுவலகத்தில் இன்று ஒரு வேலையும் ஓடவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

காலையில் பெர்சிவல் எழுந்தால் கோட்டையில் ஆளரவமில்லை. கதவுகள் அடைத்திருக்கின்றன, ஆயுதங்களும் குதிரையும் தயாராக வைக்கப்பட்டிருக்கின்றன. வெளியேறும்போது தூக்குப்பாலம் குதிரையின் காலடியிலேயே எழும்புகிறது. யார் தூக்கியது என்று இப்போதுதான் கத்திக் கேட்கிறான். பதில் இல்லை.

காட்டில், தலை வெட்டப்பட்ட காதலனை மடியில் கிடத்தி அழும் ஒரு பெண்ணைச் சந்திக்கிறான். ஈட்டியைப் பற்றிக் கேட்டாயா, கிரேல் எங்கே போகிறது என்று கேட்டாயா என்று ஒவ்வொன்றாக விசாரிக்கிறாள். கேட்கவில்லை, கேட்கவில்லை என்றே அவனுடைய பதில்கள். நீ கேட்டிருந்தால் அரசர் குணமாகியிருப்பார் என்கிறாள். அவன் பெயரை அவள் கேட்கும்போது, அதுவரை தன் பெயரே அறியாதவன் ‘வேல்ஸ்காரன் பெர்சிவல்’ என்று ஊகித்துச் சொல்கிறான், அது சரியாகவும் இருக்கிறது. அவள் அத்தை மகளோ மாமன் மகளோ, எப்படியும் உறவுக்காரி. அவன் தாய் அந்தப் பாலத்தருகிலேயே துக்கத்தால் இறந்துபோனதை அவள்தான் சொல்கிறாள்.

பிறகு கோவேறு கழுதையில் ஓர் அவலட்சணமான பெண் ஆர்தர் அவைக்கு வந்து எல்லோர் முன்னிலையிலும் பெர்சிவலைச் சபிக்கிறாள். கிரேல் யாருக்குப் பரிமாறுகிறது என்று அறியும்வரை ஒரே இடத்தில் இரண்டு இரவு தங்கமாட்டேன் என்று அவன் சூளுரைக்கிறான். தேடல் என்று உலகம் பேசுவது இங்கேதான் தொடங்குகிறது. பொருளைக் கைப்பற்றுவது அவன் நோக்கமில்லை. விட்டுப்போன ஒரு கேள்வியைக் கேட்கத் திரும்பிப் போகிறான்.

பக்கங்களைப் புரட்டியபோது அவனுடைய அடுத்த அத்தியாயம் பெரிய வெள்ளியன்று நடப்பதாகத் தெரிந்தது. அதை அன்றைக்கென்று ஒதுக்கி வைத்துவிட்டேன்.

மார்ச் 30, ஞாயிறு

1200ஐ ஒட்டி ராபர்ட் த போரோன் என்பவர், அந்தத் தட்டத்தை இராவுணவின் பாத்திரமாகவும், இயேசுவை அடக்கம் செய்த அரிமத்தேயா யோசேப்பு அவருடைய இரத்தத்தை ஏந்திய பாத்திரமாகவும் மாற்றிவிடுகிறார். அதற்குப் பிறகு அது திருப்பண்டம்.

இன்றும் பார்க்கக் கிடைப்பவை உண்டு. ஜெனோவா மறைமாவட்டக் கோவிலில் பச்சை நிற அறுகோணத் தட்டம் ஒன்று இருக்கிறது. மரகதம் என்று நூற்றாண்டுகளாகப் போற்றினார்கள், நெப்போலியன் பாரிசுக்குக் கொண்டுபோய், திரும்பி வரும் வழியில் உடைந்தது, கண்ணாடி. ஸ்பெயினில் வாலென்சியாவில் இருப்பது செந்நிற அகேட் கல்லில் கடைந்த கிண்ணம். பொற்பிடிகளும் முத்துகளும் பதித்த அடிப்பாகமும் பிற்காலச் சேர்க்கை. 1399இல் சான் ஹுவான் த லா பேன்யா மடத்திலிருந்து அராகோன் அரசர் மார்த்தினுக்கு வந்தது முதல் அதற்கு ஆவணம் உண்டு. மேல்கிண்ணம் கிறிஸ்து காலத்தை ஒட்டிய கிழக்கத்தியக் கைவேலை என்று அந்தோனியோ பெல்த்ரான் என்ற தொல்லியலாளர் 1960இல் எழுதினார். 1982இல் இரண்டாம் யோவான் பவுலும் 2006இல் பதினாறாம் பெனடிக்டும் அதைக் கொண்டு பூசை செய்திருக்கிறார்கள்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பிடிகளையும் முத்துகளையும் மறைத்துவிட்டால், ஏழு சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு சின்னக் கல் கிண்ணம்.

ஏப்ரல் 6, ஞாயிறு

1220களின் பிரெஞ்சு உரைநடைத் தேடல் கதையை வேகமாகப் படித்து முடித்தேன். இதில் நாயகன் கலஹாத். குறையே இல்லாதவன் என்பதே அவன் குறை. வட்டமேசையில் யாரும் உட்கார முடியாத இருக்கையில் உட்காருகிறான், மிதந்து வந்த பளிங்குக்கல்லிலிருந்து வாளை உருவுகிறான், எல்லாம் நினைத்தபடி நடக்கிறது. காட்டுக்குள் எங்கே திரும்பினாலும் ஒரு வெள்ளை அங்கித் துறவி நின்று கனவுக்குப் பொருள் சொல்கிறார். கடைசியில் சாராஸ் நகரில் கிரேலின் உள்ளே பார்த்து, அந்தப் பரவசத்திலேயே அவன் இறக்க, வானிலிருந்து ஒரு கை இறங்கி பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போகிறது. இந்தக் கதையில் யாரும் யாரையும் பார்த்து, இது யாருக்கு என்று கேட்க வேண்டியதில்லை. தூய்மையாக இருந்தால் போதும்.

எனக்குப் பிடித்தது அவனுடைய தகப்பன் லான்ஸ்லாட்தான். தாமஸ் மாலரி என்ற ஆங்கிலேயர் சிறையில் இருந்துகொண்டு 1470ஐ ஒட்டி எழுதி முடித்த வடிவத்தில் இதைப் படித்தேன். கிரேல் இருக்கும் அறைக்குள் நுழையாதே என்று லான்ஸ்லாட்டுக்கு எச்சரிக்கை வந்துவிட்டது, வாசலிலேயே நிற்கிறான். உள்ளே பூசை செய்யும் குரு கைகளில் ஒரு மனித உருவைத் தூக்கிப் பாரம் தாங்காமல் தள்ளாடுவதுபோல் தெரிகிறது. பக்கத்தில் நிற்பவர்கள் தாங்கிப் பிடிக்கவில்லையே என்று பதறி, உதவி செய்ய உள்ளே ஓடுகிறான். நெருப்புக் கலந்த காற்று முகத்தில் அடித்துக் கீழே தள்ளுகிறது. இருபத்துநான்கு நாள் பிணம்போல் கிடக்கிறான். இருபத்துநான்கு ஆண்டுப் பாவத்துக்கு ஒரு நாள் வீதம். கணக்கு சரியாக இருக்கலாம். ஆனால் கிழவர் விழப்போகிறார் என்று ஓடியவனை அடித்தது எனக்குச் செரிக்கவில்லை.

ஏப்ரல் 12, சனி

ஜெர்மானியக் கவிஞர் வொல்ஃப்ராம் ஃபான் எஷன்பாக், 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதையே 24,000 வரிகளுக்கு மேல் பாடினார். அவருடைய கிரேல் ஒரு கல். நாயகனுக்குத் தந்தை வழியில் வேறு தாய்க்குப் பிறந்த அண்ணன் ஒருவன் உண்டு, ஃபைரஃபிட்ஸ். கறுப்பின அரசி பெலகானேயின் மகன், மாக்பை பறவை போலத் தோலில் கறுப்பும் வெள்ளையும் கலந்தவன். ஞானஸ்நானம் பெறாததால் அவன் கண்ணுக்குக் கிரேல் தெரியவில்லை. அதைத் தாங்கி வரும் பெண் மட்டும் நன்றாகத் தெரிகிறாள். அவளுக்காகவே ஞானஸ்நானம் பெற்று, மணமுடித்து, இந்தியாவுக்கு அழைத்துப் போகிறான். இந்தியாவை அங்கே ‘திரிபாலிபோட்’ என்பார்களாம். எந்த ஊர்ப் பெயர் இப்படித் திரிந்ததோ!

அரசரைக் குணமாக்கும் கேள்வி இந்த நூலில் வேறு. பல ஆண்டுகளுக்குப் பிறகு திரும்பி வரும் பார்சிவால் (நம் பெர்சிவல்தான்) புண்ணோடு கிடக்கும் அரசர் முன் நின்று கேட்பதில் உள்ள ‘ஓஹைம்’ என்ற சொல் தாயின் உடன்பிறந்தானைக் குறிக்கும். ஆங்கிலத்தில் ‘அங்கிள்’ என்று போட்டிருக்கிறார்கள். அது யாரை வேண்டுமானாலும் குறிக்கும். தமிழில் தடையில்லாமல் வந்து விழுகிறது: “மாமா, உங்களுக்கு என்ன செய்கிறது?”

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

சிலுவைப் பாதை முடிந்து வந்து, ஒதுக்கி வைத்திருந்த பக்கங்களைத் திறந்தேன்.

ஐந்தாண்டுகள் போய்விட்டன. பெர்சிவல் எத்தனையோ வீரர்களை வென்று ஆர்தருக்கு அனுப்பியிருக்கிறான். ஒருமுறைகூடக் கோவிலுக்குள் போகவில்லை. பாலைவெளியில் மூன்று வீரர்களும் பத்துப் பெண்களும் வெறுங்காலோடு முக்காடிட்டு வருகிறார்கள். இன்று ஆயுதம் தரிக்கலாமா என்று கேட்கிறார்கள். “இன்று என்ன நாள்?” என்கிறான். கேள்வி கேட்கும் வழக்கம் திரும்பி வந்துவிட்டது.

அவர்கள் காட்டிய வழியில் போய்த் துறவி ஒருவரிடம் அழுது பாவசங்கீர்த்தனம் செய்கிறான். தாயை விழுந்த இடத்தில் விட்டுவந்த பாவம்தான் அன்று உன் நாக்கை அறுத்தது என்கிறார் துறவி. உள்ளறையில் இருப்பவர் யார் என்பதையும் சொல்கிறார்: “அவர் என் உடன்பிறந்தவர். உன் தாய் எங்கள் இருவருக்கும் சகோதரி.” அப்படியானால் உள்ளே கிடந்தவர் தாய்மாமன், சொல்லிக்கொண்டிருப்பவரும் தாய்மாமன், மீன்பிடி அரசர் மாமன் மகன். அந்தத் தட்டத்தில் விலாங்கோ சால்மன் மீனோ இருப்பதாக எண்ணாதே, அதில் போவது ஒரேயொரு அப்பம், அதிலேயே அந்தக் கிழவர் உயிர் வாழ்கிறார் என்கிறார். எத்தனை ஆண்டுகளாக என்பது பிரதிக்குப் பிரதி மாறுகிறது.

அது நோயாளிக்குப் போகும் நன்மை. மெழுகுவர்த்தியோடு நான் நடந்த அதே ஊர்வலம்.

ஏப்ரல் 19, புனித சனி

இரவு பாஸ்கா பூசைக்குக் கிளம்பும் முன் மீதியையும் முடித்துவிட்டேன். துறவியிடம் பெர்சிவலை விட்டபின் கதை முழுவதும் கவைன் என்ற இன்னொரு வீரன் பக்கம் போய்விடுகிறது. பெர்சிவல் திரும்ப வருவதே இல்லை. ஒன்பதாயிரத்துச் சொச்சம் வரிகளில் எழுத்து சட்டென்று நிற்கிறது. கவைனைக் காணாமல் ஆர்தர் மயங்கி விழ, அவையினர் புலம்புவதைக் கண்ட லோர் என்ற பெண் பதறியடித்து அரசியிடம் ஓடுகிறாள். அவளைக் கண்டதும், என்ன ஆயிற்று என்று அரசி கேட்கிறாள். அதற்குப் பிறகு ஒரு வரிகூட இல்லை.