அத்தையின் ஏழாம் வாய்ப்பாடு

மொரீஷியஸின் ரோஸ் ஹில் ஊரில் மாலை வேளைகளில் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. வேறு யாராவது சொல்லி நீங்கள் கேள்விப்பட்டால் அவமானம் இரட்டிப்பாகிவிடும்.

தைப்பூசக் காவடி அன்று மொரீஷியஸ் முழுவதும் விடுமுறை. விரதம், கோடை வெயில், கால் பொசுக்கும் தார்ச்சாலை எல்லாம் முடிந்து, கோவில் மண்டபத்தில் வாழையிலை போட்டு ஏழு கறிச் சாப்பாடு. ஏழு கறிக்கு ஏழு வாளி, ஏழு பெண்கள். அந்த எழுவரில் மூத்தவர், ஆகவே தளபதி, என் அத்தை. எனக்குக் கொடுத்த வேலை மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து கணக்கு எழுதுவது.

கடைசிப் பந்தி எழுந்ததும் லட்டுக் கூடையை எண்ணினேன். 91 மிஞ்சியிருந்தது.

"பரிமாறிய ஏழு பேருக்கும் சமமாகப் பிரித்துக் கொடு" என்றார் அத்தை.

"முடியாது அத்தை. தொண்ணூற்றொன்று பகா எண். ஒன்றையும் தன்னையும் விட்டால் அதற்கு வேறு காரணியே கிடையாது. ஆளுக்குப் பத்து கொடுப்போம். மிச்சத்தை நான் பத்திரமாக வைத்துக்கொள்கிறேன்."

'பத்திரமாக' என்ற சொல்லில் கொஞ்சம் நெய் வாசனை அடித்திருக்க வேண்டும். அத்தை வாளியைக் கீழே வைத்தார்.

என் பக்கத்து நியாயத்தையும் கேளுங்கள். 91 ஒற்றைப்படை, ஆகவே 2 போகாது. இலக்கங்களைக் கூட்டினால் 10, ஆகவே 3 போகாது. கடைசி இலக்கம் 0மில்லை, 5மில்லை. நூறுக்குட்பட்ட எண் பகா எண்ணா என்று அறிய 2, 3, 5, 7 ஆகிய நான்கால் வகுத்துப் பார்த்தாலே போதும். இரண்டு காரணிகளும் பத்தைத் தாண்டினால் பெருக்குத்தொகை நூறைத் தாண்டிவிடுமே! இதைக் கரும்பலகையில் எத்தனை முறை எழுதியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. அன்று மூன்று எண்களோடு நிறுத்திவிட்டேன். 2, 3, 5 எல்லாம் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். 7 மட்டும் வகுத்துப் பார்க்கச் சொல்லும். சோம்பேறிகள் வழுக்கி விழுகிற இடம் அது. அதிலும் அத்தை கேட்டதே ஏழு பேருக்கு!

"ஒரு மேசைக்கு எத்தனை இலை?" என்றார் அத்தை.

"பதின்மூன்று."

"இலைக்கு எத்தனை கறி?"

"ஏழு."

"கல்யாண வீடுகளில் ஆள் கிடைக்காத காலத்தில் ஒரு மேசை முழுக்க நான் ஒருத்தியே பரிமாறியிருக்கிறேன். தொண்ணூற்றொரு தடவை குனிய வேண்டும். என் இடுப்பைக் கேள், சொல்லும்."

பூசணிக் கறி பரிமாறிய பெண் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த கரண்டி தரையில் விழுந்து உருண்டது.

மானத்தைக் காப்பாற்ற வேண்டாமா? 51, 57, 87 என்று இன்னும் சில எண்கள் இப்படிப் பகா எண் வேடம் போட்டுத் திரிகின்றன என்றேன். மூன்றுமே 3இன் மடங்குகள்தாம். 1966இல் கணிதத்தின் உயரிய விருதான ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்ற அலெக்ஸாண்டர் குரோதெந்தீக்கிடமே ஒருமுறை எடுத்துக்காட்டாக ஒரு பகா எண் சொல்லச் சொன்னபோது, அவர் 57 என்றாராம். கணித உலகில் இன்றும் சொல்லிச் சிரிக்கிற கதை.

"அவர் லட்டுக்கு ஆசைப்பட்டுச் சொன்னாரா?" என்றார் அத்தை.

அதற்குமேல் நான் வாய் திறக்கவில்லை. ஆளுக்குப் பதின்மூன்று லட்டு, வாழையிலை நறுக்கில் பொட்டலமாக ஏழு. கூடையின் அடியில் நெய்க்கறையும் நாலு பூந்தியும்தான் மிச்சம். உட்கார்ந்து கணக்கு எழுதியவனை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

புறப்படும்போது அத்தை தம் பொட்டலத்தைப் பிரித்து ஒரு லட்டை எடுத்து என் கையில் வைத்தார். எனக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது.

"ரொம்ப உருகாதே" என்றார். "வீட்டில் பேரப்பிள்ளைகள் நான்கு பேர். பன்னிரண்டு என்றால் ஆளுக்கு மூன்று. பதின்மூன்றாய்க் கொண்டுபோனால் அந்த ஒன்றுக்காக வீடு ரெண்டாகிவிடும்."

அந்த ஒன்றில் முந்திரிகூட இல்லை.