மஞ்சி மில்லுக்கு வந்த மாணவி

கேரள எல்லையில் இருக்கும் கோபாலபுரம் சோதனைச்சாவடிக்குத் தமிழ்நாட்டுப் பக்கம் எங்கள் மில். தேங்காய் மட்டையை அடித்து மஞ்சி, அதாவது தென்னை நார், எடுக்கிறோம். மிஞ்சும் நார்த்தூளைக் கழுவிக் காயவைத்து, ஐந்து கிலோ கட்டிகளாக அழுத்தி விற்கிறோம். என்னையும் சேர்த்து 14 பேர். போன வருடம், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து வேதியியல் மாணவி ஒருவருக்கு ஒரு மாத இன்டர்ன்ஷிப் கேட்டுக் கடிதம் வந்தது. கேரளத்தில் 2024-இல் நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பு வந்ததிலிருந்து அது பாடத்திட்டத்திலேயே இருக்கிறது.

நான் அதை அப்ரண்டிஸ் என்று நினைத்துப் பயந்துவிட்டேன். ஆடிட்டர்தான் பிரித்துச் சொன்னார். அப்ரண்டிஸ் என்றால் 1961 சட்டம். 30 பேரோ அதற்கு மேலோ இருந்தால் கட்டாயம், நாலு பேரிலிருந்து 29 வரை நம் விருப்பம். போர்ட்டலில் ஒப்பந்தம் பதிய வேண்டும், மாதாமாதம் உதவித்தொகை உண்டு, அதில் கால் பங்கை 1,500 ரூபாய் வரை மத்திய அரசு தரும். இது அந்த வகை இல்லை. லெட்டர்ஹெட்டில் ஒப்புதல், யார் பார்த்துக்கொள்வது என்று ஒரு பெயர், தினசரிப் பதிவேட்டில் கையெழுத்து, கடைசியில் சான்றிதழ். அவ்வளவுதான்.

அவ்வளவுதான் இல்லை. கல்லூரி அனுப்பிய படிவத்தில் ஒரு வரி: 'உள்ளகப் புகார்க் குழு உள்ளதா?' வேலை இடத்தில் பெண்களுக்குப் பாலியல் தொல்லை நடந்தால் விசாரிக்கிற குழு அது. பத்துப் பேர் வேலை செய்தாலே அது வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது, பயிற்சிக்கு வருகிறவர்களுக்கும் சேர்த்து. எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும், பாதிப் பேராவது பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். கட்டி அழுத்தும் பகுதியைப் பார்த்துக்கொள்ளும் அக்காவைத் தலைவராக்கினேன். வெளி உறுப்பினரைத் தேடத்தான் இரண்டு வாரம் ஆனது.

பெண் வந்தாள். கேட்டைத் தாண்டியதுமே அக்கா பிடித்துக்கொண்டார்: "அம்மிணி, துப்பட்டாவ முடிஞ்சுக்க. மட்டை அடிக்கிற மிசின் பக்கமே போகப்படாது." சம்பளம் தரவேண்டும் என்று விதி இல்லை. பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் நாளுக்கு 200 ரூபாய் கொடுத்தேன்.

அப்புறம் நான் செய்ததுதான் தப்பு. சூப்பர்வைசரிடம் விட்டுவிட்டு என் வேலையைப் பார்க்கப் போனேன். ஐந்தாம் நாள் பதிவேட்டில் கையெழுத்துப் போடப் புரட்டினால், நாலு பக்கத்திலும் ஒரே வரி: 'சாக்குகள் எண்ணப்பட்டன.' பேனாவை மூடிவிட்டேன்.

எங்களுக்கு ஒரு தலைவலி இருந்தது. உப்பு அளவை நாங்கள் ஈசி என்போம். அது 0.5-க்குள் இருக்க வேண்டும் என்று கேட்பவர்கள், எங்கள் சரக்கு ஏறி இறங்குகிறது என்று திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஈசி அளக்கும் மீட்டரை அவளிடம் கொடுத்தேன். "இத கடைசியா எப்பண்ணா காலிபரேட் பண்ணீங்க?" என்றாள். வாங்கியதிலிருந்து யாரும் செய்ததில்லை. மீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்துத் திருத்த, 1413 என்று எண் போட்ட திரவம் ஒரு பாட்டில் வாங்கி வந்தோம். எங்கள் ஆள் கைக்கு வந்த அளவு தூளை டம்ளரில் போட்டுக் கலக்குவார். அவள் ஒரே குவளையில் ஒரு பங்கு தூள், ஐந்து பங்கு தண்ணீர் என்று வைத்தாள். அதற்கும் முன்னால், கழுவுகிற போர்வெல் தண்ணீரிலேயே மீட்டரை விட்டுப் பார்த்தாள். 1.1! உப்புத் தண்ணீரில் உப்பைக் கழுவிக்கொண்டிருந்திருக்கிறோம். தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீர் 0.4 காட்டியது. இப்போது கடைசி அலசல் மட்டும் கிணற்றுத் தண்ணீரில். கோடையில் கிணறு கைவிடும், அதற்கு இன்னும் வழி பார்க்கவில்லை.

கேரளத்தில் ஒரு நாள் ஹர்த்தால், பஸ் இல்லை. வருகைப் பதிவில் அந்த நாளை என்ன செய்வது என்று கல்லூரியைக் கேட்டால், ஒரு ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லுங்கள் என்றார்கள். ஞாயிறு மில் லீவு. நானும் அக்காவும் அவளுக்காகத் திறந்து வைத்தோம். அன்றைக்குத்தான் மீட்டர் பிடிப்பது எப்படி என்று அக்கா கற்றுக்கொண்டார்.

இந்த வருடம் இரண்டு பேரை அனுப்பட்டுமா என்று கேட்டிருக்கிறார்கள். ஒருவர் போதும் என்று பதில் போட்டிருக்கிறேன். இருப்பது ஒரு மீட்டர், அதை அக்கா யாருக்கும் தருவதில்லை.