குழியடுப்பு வெட்டிய கதை

மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் இடையில், மன்னார் வளைகுடாப் பக்கம் எங்கள் வீடு. பின்னால் மூன்று பனையும் ஒரு கீற்றுக் கொட்டகையும் உண்டு. ஆவணி பிறந்தால் பனம்பழம் பொத்துப் பொத்தென்று விழும். மூன்று கல்லைக் கூட்டித் தீ மூட்டிச் சுடுவோம். காற்று சாம்பலையும் பொறியையும் வாசல்வரை கொண்டுபோகும். நிலையாக ஒரு குழியடுப்பு வேண்டும் என்று போன வருடம் வேலையில் இறங்கினேன்.

முதல் முயற்சி தப்பாகப் போனது. கிணற்றுக்கு வாங்கி மீந்த சிமெண்ட் உறை ஒன்று கிடந்தது. அதைப் பாதி புதைத்து உள்ளே விறகை அடுக்கினேன். இரண்டாம் நாள் நெருப்பு நன்றாகப் பிடித்த நேரத்தில் படாரென்று சத்தம். உறையின் உள்பக்கம் சில்லுப் பெயர்ந்து என் மகள் காலருகே வந்து விழுந்தது. சிமெண்டுக்குள் இருக்கும் ஈரம் சூட்டில் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் வெடிக்கிறது. ஈரம் குடித்த கடற்கரைக் கல்லிலும் இதே ஆபத்துதான். அன்றே உறையைப் பெயர்த்துப் போட்டுவிட்டேன்.

இடிந்த பழைய சுவரின் பவளக்கல் கொஞ்சம் கிடந்தது. அதை வைக்கலாமா என்று கேட்டேன். “அந்தக் காலத்துல அதைச் சுட்டுத்தான சுண்ணாம்பு எடுத்தாங்க, அடுப்புக்கு எப்படி நிக்கும்?” என்றார் அப்பா. கடலிலிருந்து புதிதாக எடுக்கும் பேச்சுக்கே இடமில்லை. பவளப்பாறையை உடைப்பது வனவிலங்குச் சட்டப்படி குற்றம். நமக்கு மீன் தருவதே அந்தப் பாறைதான்.

அப்புறம் இடம். நான் குறித்திருந்தது கொட்டகைக்குத் தென்மேற்கே, பனை நிழலில். அப்பா முப்பது வருடம் நாட்டுப்படகில் கடலுக்குப் போனவர். வந்து நின்று பார்த்துவிட்டு, “கச்சான் அடிச்சா பொறி எங்கிட்டுப் போகும்னு பாத்தியா?” என்றார். கச்சான் தென்மேற்கிலிருந்து வீசும்; பொறி நேரே கீற்றில்தான் விழும். ஐப்பசிக்கு மேல் வாடை வடகிழக்கிலிருந்து வரும். அப்போது தென்மேற்கில் இருப்பவைக்கு ஆபத்து. இரண்டு காற்றுக்கும் தப்ப வேண்டுமானால் கொட்டகை அடுப்புக்கு வடமேற்கிலோ தென்கிழக்கிலோ இருக்க வேண்டும். கொட்டகையிலிருந்து தென்கிழக்கே முப்பதடி தள்ளி, மேலே மட்டை எதுவும் நீட்டிக்கொண்டிராத வெட்டவெளியில் குச்சி நட்டோம். நிழல் போனது. ஆனால் அடுப்பெரிப்பது சாயங்காலம்தானே.

குச்சியில் இரண்டேகால் அடிக் கயிறு கட்டி வட்டம் போட்டேன். உள்வட்டம் மூன்றடி அகலம், செங்கல் நீளம் முக்கால் அடி என்ற கணக்கு. மணல் சரிந்துகொண்டே இருந்ததால் தண்ணீர் தெளித்துத் தெளித்துப் பத்து அங்குலம் தோண்டினேன். அடியில் முக்கால் அங்குல ஜல்லியை நான்கு அங்குல உயரத்துக்குப் பரப்பினேன்; மழைநீர் தேங்காது. நன்றாகச் சுட்ட சேம்பர் செங்கல்லின் குறுகிய முகம் உள்ளே பார்க்கும்படி வைத்தால் ஒரு வரிசைக்கு 25 கல். மண்ணுக்குள் இரண்டு வரிசை, மேலே மூன்று. மொத்தம் 125, உடைசலுக்கும் சேர்த்து 150 வாங்கினேன். பூச்சுக்குச் சிமெண்ட் தொடவில்லை. மாமா வயலிலிருந்து ஒரு சாக்கு களிமண் கொண்டுவந்து, மணல் கலந்து மிதித்துப் பூசினேன். தரைக்கு மேல் முதல் வரிசையில் நான்கு இடத்தில் மூன்று விரல் இடைவெளி விட்டேன், காற்று போக. ஆடிக் கச்சானில் தென்மேற்கு வாயை மட்டும் களிமண் உருண்டையால் அடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கொல்லன் துருத்தி மாதிரி ஊதிப் பொறியைக் கிளப்பும்.

ஒரு வாரம் காயவிட்டு, முதல் மூன்று நாள் சுள்ளி போட்டுச் சின்ன நெருப்பாகவே எரித்தேன். களிமண்ணில் முடி போல விரிசல் விட்டது. குழைத்துத் தடவினால் போதும்.

விறகுக்கு நம் மாவட்டத்தில் பஞ்சமில்லை, சீமைக்கருவேலம் என்கிற கருவைதான். இரண்டு மாதம் காய்ந்த கருவை புகையாமல் கனலாக நிற்கும். பற்றவைக்க, பனைமட்டை அடியில் வலை மாதிரி இருக்கும் பன்னாடை. காய்ந்து விழும் காவோலையை மட்டும் போடாதீர்கள், எரிந்த துண்டு அப்படியே பறக்கும்.

ஆவணியில் முதல் பழம் சுட்டோம். தோல் கறுத்து வெடித்து, நாரோடு மஞ்சள் சாறு கனலில் சொட்டிச் சீறியது. மகள் முழங்கைவரை வழிய வழியச் சூப்பினாள்.

முடித்ததும் மணலைப் போட்டு மூடி வைக்கக் கூடாது. கங்கு விடியும்வரை உள்ளே உயிரோடு இருக்கும், தெரியாமல் மிதித்தால் கால் வெந்துவிடும். இரண்டு வாளித் தண்ணீரை எட்ட நின்று மெதுவாக ஊற்றிக் கிளறி, மறுபடி ஊற்றுகிறோம். ஆவி அடங்கியதும் அப்பா சாம்பலுக்கு மேலே புறங்கையைப் பிடித்துப் பார்ப்பார். சூடு தெரியவில்லை என்றால்தான் படுக்கப் போவார்.