கோடியக்கரை: தண்ணீர் அளந்து நிற்கும் பறவைகள்

கோடியக்கரைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் பூநாரைகளைப் பார்ப்பதற்காகவே போகிறார்கள். வேதாரண்யத்தில் பேருந்தை விட்டு இறங்கியதும் ஆட்டோக்காரரிடம் அவர்கள் விசாரிப்பதும் பூநாரை வந்துவிட்டதா என்பதைத்தான். அதைவிடச் சதுப்பில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று விசாரிப்பதே பயன் தரும் என்பது, மழைக்காலம் முடியும்போதெல்லாம் அங்கே போய்வரும் எனக்குப் பழக்கத்தில் தெரிந்த சங்கதி.

சோழமண்டலக் கடற்கரை தெற்கு நோக்கி நீண்டு வந்து, சட்டென்று மேற்கே மடங்கும் முனை அது. கிழக்கே வங்காள விரிகுடா, தெற்கே பாக் நீரிணை, வடமேற்கே கண்ணுக்கெட்டிய தூரம்வரை வேதாரண்யம் சதுப்பு. இவற்றுக்கு நடுவே உலர் பசுமைமாறாக் காடும் புல்வெளியும் உப்பளங்களும் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. வெளிமான்களைக் காப்பதற்காக 1967-இல் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. 2002-இல், முத்துப்பேட்டை அலையாத்திக் காடுகளையும் உள்ளடக்கிய 38,500 ஹெக்டேர் பரப்பு, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது; அதன் பிறகு 2022 வரை தமிழகத்திலிருந்து வேறெந்த இடமும் அப்பட்டியலில் இடம்பெறவில்லை.

வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மாதங்களில், கோடையெல்லாம் உப்புப் பூத்து வெடித்துக் கிடந்த சதுப்பு நிறைகிறது. நன்னீர் கலந்து கரிப்புக் குறைகிறது. சேற்றில் புழுக்களும் சிறு இறால்களும் பெருகுகின்றன. மழை ஓய்ந்த பின் வெயிலும் காற்றுமாகத் தண்ணீரை வற்றச் செய்யும்போது, ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் புதிய சேறு வெளியே வருகிறது. மழை அளவுக்கு மீறினால் நீர் ஆழமாகிப் பூநாரைகள் வேறிடம் தேடும். மழை பொய்த்தாலோ உப்பேறிய பாளமே மிஞ்சும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட சில வாரங்கள்தான் பறவை பார்க்க வருபவருக்கு வாய்த்த காலம்.

இந்தமுறை சனவரியில், காலை வெயில் ஏறுவதற்கு முன்பே உப்பளத்துக்கு அப்பாலுள்ள கரையில் தொலைநோக்கியை நிறுத்தினோம். எங்களோடு வந்த வேட்டைத் தடுப்புக் காவலர், "தண்ணி இன்னும் கொஞ்சம் வத்தணும் சார், அப்பத்தான் கிட்ட வரும்" என்றார். அவர் சொன்னபடியே பூநாரைகள் தொலைவில், நீரும் வானமும் ஒட்டும் இடத்தில் ஓர் இளஞ்சிவப்புக் கோடாகத் தெரிந்தன. ஆனால் அந்தக் கோட்டுக்கும் எங்கள் காலுக்கும் இடையில் கிடந்த பரப்பில், ஒவ்வொரு பறவையும் தன் கால் நீளத்துக்கும் அலகு நீளத்துக்கும் ஏற்ற ஆழத்தைத் தேர்ந்துகொண்டு நின்றது. ஈரச் சேற்றின் விளிம்பில் உப்புக்கொத்திகள் சிறிது ஓடுவதும் நிற்பதும் குத்துவதுமாக இருந்தன. ஒரு விரற்கடை நீரில் கொசு உள்ளான்கள். அதைத் தாண்டிப் பவளக்கால் உள்ளான்கள். அவற்றுக்கும் அப்பால் கரண்டிவாயன்கள் அலகை நீருக்குள் இட்டு இடமும் வலமுமாகத் துழாவிக்கொண்டிருந்தன. கொசு உள்ளான் என்பது முப்பது கிராம்கூடத் தேறாத பறவை. வடதுருவத்தை ஒட்டிய சைபீரியத் தூந்திரத்தில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டு இத்தனை தூரம் பறந்து வந்திருக்கிறது. கூட்டத்தில் யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை என்பதில் எனக்கு எப்போதும் கொஞ்சம் வருத்தமுண்டு.

பின்னர் ஒரு வளைவில் பூநாரைகளின் சிறு குழு ஒன்று அருகிலேயே வாய்த்தது. அவை ஒரே இடத்தில் கால்மாற்றி, குயவர் மண் மிதிப்பதுபோல, சேற்றை மிதித்துக் கலக்கின. கலங்கிய நீரில் தலையைக் கவிழ்த்து, மேலலகு கீழாக வரும்படி வைத்து, நாக்கை வேகமாக முன்னும் பின்னும் இயக்கி நீரை உறிஞ்சி வெளியேற்றின. அலகின் ஓரத்திலுள்ள சல்லடை போன்ற அமைப்பில் நுண்ணுயிர்கள் தங்கிவிடுகின்றன. இறகின் சிவப்பும் அந்த உணவிலுள்ள நிறமிகளிலிருந்து வருவதுதான். குழுவில் பாதி சாம்பல் நிறத்தில் இருந்ததால், உடன் வந்த சிறுவன் அவை வேறு பறவைகளா என்று கேட்டான். அவை இளம் பறவைகள்; சிவப்பேறச் சில ஆண்டுகள் ஆகும். இந்தியாவில் பூநாரைகள் பெருந்திரளாகக் கூடு கட்டுவது கட்ச்சின் பெரிய ரண் பகுதியில். இங்கே அவை வருவது மேய்வதற்காக மட்டுமே.

மாலையை வெளிமான்களுக்கு ஒதுக்கியிருந்தோம். முறுக்கிய கொம்புடைய கருநிறக் கலைமான் ஒன்று, தன் எல்லைக்குள் வழக்கமாகப் புழுக்கையிடும் இடத்தை முகர்ந்துவிட்டு, மூக்கை உயர்த்தி, கொம்புகள் முதுகில் படியத் தலையைச் சாய்த்துக்கொண்டு பழுப்புநிறப் பெண்மான்களைச் சுற்றி நடைபோட்டது. இதே புல்லையும், கோடையில் இதே சில குட்டைகளின் நன்னீரையும் நம்பித்தான் காட்டில் திரியும் குதிரைகளும் இருக்கின்றன; எப்போதோ மனிதர் வளர்த்துக் கைவிட்ட குதிரைகளின் வழிவந்தவை அவை. பயணிகள் ஆசையாகப் படமெடுப்பதும் அவற்றைத்தான். போதாக்குறைக்குச் சீமைக்கருவேலம் வேறு புல்வெளியின் ஓரங்களிலிருந்து உள்ளே வந்துகொண்டிருக்கிறது. திறந்த வெளியில் ஓடிப் பிழைக்கும் மானுக்கு முள்புதர் அடைத்த நிலம் எதற்கும் உதவாது என்பதால், அதை வெட்டி அகற்றும் வேலைக்கு வேறெதையும்விட முதலிடம் தரவேண்டும் என்பது என் கருத்து.

2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யத்துக்கு அருகே கரையைக் கடந்தபோது இக்காட்டின் மரங்கள் ஏராளமாகச் சாய்ந்தன. பாலை மரங்கள் சில இன்றும் ஒருபக்கம் ஒடிந்த கிளையோடு தழைத்து நிற்கின்றன. காட்டிலேயே உயரமான இடம் என்று சொல்லப்படும் இராமர் பாதம் வெறும் நான்கு மீட்டர் மேடுதான் என்பதை நினைத்தால், கடல் பொங்கும்போது விலங்குகளுக்கு ஒதுங்க எவ்வளவு இடம் இருந்திருக்கும் என்று கணக்கிட்டுக்கொள்ளலாம்.

போக விரும்புகிறவர்களுக்கு: திருத்துறைப்பூண்டியிலிருந்து அகத்தியம்பள்ளி வரை 2023 முதல் மீண்டும் ரயில் ஓடுகிறது, அங்கிருந்து கோடியக்கரை பக்கம்தான். சதுப்பில் நிழல் கிடையாது, குடிநீரும் கிடைக்காது என்பதால் இரண்டுக்கும் ஏற்பாட்டோடு போகவேண்டும். வண்டியிலிருந்து இறங்கி வரப்பில் நடந்தால் முன்வரிசைப் பறவைகள் எழும்பிவிடும். ஓரிடத்தில் அமர்ந்து அரைமணி நேரம் அசையாதிருந்தால் அவையே தண்ணீர் வற்றும் பக்கமாக மேய்ந்துகொண்டு நெருங்கி வரும்.