களியக்காவிளையிலிருந்து கோலாலம்பூர்: தடுக்கி விழுவது இனிஷியலில்

தமிழ்நாட்டுச் சான்றிதழில் இனிஷியல் பேருக்கு முன்னால் நிற்கும், கேரளச் சான்றிதழில் பின்னால். முன்னால் நிற்பது அப்பா பேர். பின்னால் நிற்பது பல சமயம் வீட்டுப்பேர். கேரள எல்லைக்குள் பாறசாலையில் பத்தாவது முடித்து, தமிழ்நாட்டு எல்லைக்குள் களியக்காவிளையில் ஆதார் எடுத்தவருக்கு ஆள் ஒன்று, பேர் இரண்டு. முதல் பாஸ்போர்ட் எடுக்கும்போது எங்கள் பக்கத்து ஆட்கள் அதிகம் சிக்குவது இங்கேதான்.

பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் இனிஷியலைச் சுருக்கி எழுதக் கூடாது, விரித்து எழுத வேண்டும். 'கே. செல்வி'யில் கே என்பது கிருஷ்ணனா, கிழக்கேவீடா என்று முதலில் வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். முடிவானதும் ஆதாரை அதே மாதிரி திருத்துங்கள். ஆதாரில் பேரை ஆயுளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும், அதனால் இ-சேவை மையத்தில் அவசரப்பட்டு ஒரு வாய்ப்பை வீணாக்க வேண்டாம். அப்பா பேரை சர்நேம் (குடும்பப் பேர்) கட்டத்தில் போடுவது நல்லது. காலியாக விட்டாலும் பாஸ்போர்ட் வந்துவிடும், தொல்லை பிறகுதான். விமான டிக்கெட் படிவம் இரண்டு பேர் கேட்கும். ஒரு நிறுவனம் ஒரே பேரை இரண்டு முறை போடச் சொல்லும், இன்னொன்று வேறு விதமாகச் சொல்லும். ஒற்றைப் பேர் பாஸ்போர்ட்டுக்கு சுற்றுலா விசா இல்லை என்று அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தபோது தவித்தவர்களில் நம் ஊர்க்காரர்கள் நிறைய.

விண்ணப்பம் ஆன்லைனில்தான். 36 பக்கப் புத்தகத்துக்கு 1500 ரூபாய், தத்கால் என்ற அவசர வழி என்றால் மேலே 2000. 2018 முதல் நாட்டில் எந்த பாஸ்போர்ட் சேவா கேந்திராவிலும் விண்ணப்பிக்கலாம் என்பதால், இங்கே நாள் கிடைக்காவிட்டால் நெய்யாற்றின்கரையையும் பாருங்கள். போலீஸ் விசாரணை, நீங்கள் எழுதிய முகவரிக்குரிய ஸ்டேஷனிலிருந்தே வரும். புத்தகமும் அந்த முகவரிக்கே. கேந்திராவில் ஏ கவுண்டரில் போட்டோ, கைரேகை எடுக்கும்போது, தட்டச்சான பேர் உங்கள் பக்கத் திரையில் தெரியும். எழுத்து எழுத்தாகப் படியுங்கள். பின்னால் வரிசை நிற்கிறதே என்று தலையாட்டிவிட்டால், திருத்தத்துக்கு மறுபடியும் பணம் கட்ட வேண்டும்.

பத்தாவது சான்றிதழின் அசலை மறக்காதீர்கள். அது இல்லாமல் போனால், குடிபெயர்வு அனுமதி தேவை என்ற ஈசிஆர் குறிப்போடு பாஸ்போர்ட் வரும். அந்த அனுமதி தேவைப்படும் நாடுகளின் பட்டியலில் மலேசியாவும் உண்டு. சுற்றுலாவுக்கு அனுமதி தேவையில்லைதான். ஆனாலும் வேலைக்குப் போகிறாரோ என்று இமிகிரேஷனில் துருவுவார்கள். திரும்பும் டிக்கெட், ஹோட்டல் பதிவு இரண்டையும் தாளில் அச்செடுத்துக் கையில் வைத்தால் பேச்சு சீக்கிரம் முடியும்.

2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் மலேசியா போகலாம். கெடு வைத்து நீட்டிக்கும் சலுகை இது, டிக்கெட் எடுக்குமுன் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பாஸ்போர்ட்டில் ஆறு மாதம் பாக்கி இருக்க வேண்டும். எம்டிஏசி என்ற வருகைப் படிவத்தை, போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். அது இலவசம், பணம் கேட்டால் நீங்கள் இருப்பது போலித் தளம். படிவத்தில் எது சர்நேம், எது கிவன் நேம் (சொந்தப் பேர்) என்று குழம்பினால் பாஸ்போர்ட்டின் போட்டோ பக்கத்தில் அடியில் உள்ள இரண்டு வரிகளைப் பாருங்கள். மேல் வரியில், நாட்டுக் குறியீட்டை அடுத்து வருவது சர்நேம். இரட்டை அம்புமுனைக்கு (<<) பின்னால் வருவது கிவன் நேம்.

நள்ளிரவு தாண்டிக் கிளம்பும் விமானத்தில் தேதி ஏமாற்றும். 15ஆம் தேதி 00:25 என்று போட்டிருந்தால் 14ஆம் தேதி சாயங்காலமே வீட்டை விட்டு இறங்க வேண்டும். திருவனந்தபுரம் போகும் வழியில் பாலராமபுரம் நெரிசலுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாக வையுங்கள். திருவனந்தபுரம் தம்பானூரில் ஆட்டோ ஏறும்போது வெறுமனே 'ஏர்போர்ட்' என்றால் சங்குமுகத்தில் உள்நாட்டு முனையத்தில் இறக்கிவிடக்கூடும். வெளிநாட்டு முனையம் சாக்கையில், ஓடுபாதைக்கு மறுபக்கம், சுற்றித்தான் வர வேண்டும். 'சாக்கை, இன்டர்நேஷனல்' என்று சொல்லி ஏறுங்கள்.

மலேசியாவில் நேரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால். கோலாலம்பூரில் தங்கி, கேஎல் சென்ட்ரலிலிருந்து கொமுட்டர் ரயிலில் பத்துமலை போய்வர அரை நாள் போதும். மிச்ச நாளைப் பினாங்குக்குக் கொடுங்கள்: ஈடிஎஸ் என்ற மின்சார விரைவு ரயிலில் பட்டர்வொர்த், அங்கிருந்து ஃபெரி. ஜார்ஜ் டவுனை நடந்தே பார்க்கலாம், வழி கேட்கத் தமிழே போதும் என்கிற தெருக்களும் உண்டு.

சொந்தக்காரர்களுக்கு நேந்திரங்காய் சிப்ஸ் கொண்டுபோகலாம். கொப்பரை மட்டும் வேண்டாம். எண்ணெய்ச் சத்தால் தீப்பிடிக்கும் பொருள் என்று செக்-இன் பெட்டியைத் திறந்து எடுத்துவிடுவார்கள். பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும். தேங்காய் எண்ணெயைக் கைப்பையில் வைத்தால் பாட்டில் 100 மில்லிக்கு மேல் போகக் கூடாது. பெரிய பாட்டிலின் அடியில் கொஞ்சம்தான் மிச்சம் இருக்கிறது என்று சொன்னாலும் கேட்கமாட்டார்கள், அவர்கள் பார்ப்பது பாட்டிலின் அளவை.