முக்கால் ரூபாய்க் கணக்கு

சென்ற மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை, ரொறன்ரோவில் கல்லூரி இரண்டாம் ஆண்டில் படிக்கும் என் மகள் மடிக்கணினியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்து, "அப்பா, இதை ஒருக்காப் பாருங்கோ" என்றாள். புனைகதைப் பாடத்துக்காக அவள் ஒரு சிறுகதையைப் பற்றி எழுதிய கட்டுரையைச் சக மாணவர் ஒருவர் வாசித்துக் கருத்துச் சொல்லவேண்டும் என்பது அந்த வகுப்பின் விதி. அதற்கென்று ஒரு படிவமும் உண்டு: கட்டுரையின் மையக் கருத்து எது, அதற்குக் கதையிலிருந்து காட்டிய சான்று போதுமா, எந்தப் பந்தி தெளிவில்லாமல் இருக்கிறது என்று ஐந்தாறு கேள்விகள். அவளுக்கு வாய்த்த பையன் அத்தனை கேள்விகளுக்கும் சேர்த்து, மிக நன்றாக இருக்கிறது, எதையும் மாற்றவேண்டாம் என்று ஒரே வரியில் முடித்திருந்தான். மூன்று இரவுகள் கண்விழித்து எழுதியவளுக்கு அது அவமானமாகப் பட்டது. எனக்கோ சிரிப்பு வந்துவிட்டது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுந்து போய்விட்டாள். எங்கள் சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று அதன் செயலாளர் அடுத்த வாரம் கேட்டபோது, அன்று ஏன் சிரித்தேன் என்பதையே எழுதிவிடலாம் என்று தோன்றியது.

1993 ஆம் ஆண்டு நாங்கள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் திருநெல்வேலி வளாகத்தில் தமிழ் சிறப்புக் கற்கையில் இருந்தோம். போரினால் 1990 இன் நடுப்பகுதியில் நின்றுபோன மின்சாரம் திரும்பியிருக்கவில்லை. மண்ணெண்ணெயைத் துளிக்கணக்கில் செலவழித்தோம். கடதாசித் தட்டுப்பாட்டால் நாளிதழ்கள் கோடிட்ட கொப்பித்தாளில்கூட அச்சாகி வந்தன. இதையெல்லாம் இம்மலரின் வாசகர்களுக்கு நான் விரித்துச் சொல்லவேண்டியதில்லை. ஆனால் நான் சொல்லவரும் விடயத்தில் கடதாசிக்கும் விளக்குக்கும் ஒரு பங்கு உண்டு என்பதால் இந்த அளவில் சொல்லிவைக்கிறேன்.

புனைகதை இலக்கியம் என்ற பாடத்தை எமக்கு எடுத்த விரிவுரையாளர், அந்தப் பருவத்தில் வழக்கமான ஒப்படைக்குப் பதிலாகப் புதிய முறை ஒன்றைக் கொண்டுவந்தார். ஒவ்வொருவரும் தமக்கு விருப்பமான ஒரு சிறுகதையைப் பற்றிப் பகுப்பாய்வுக் கட்டுரை எழுதவேண்டும். பெயர் போடாமல் சுட்டெண் மட்டும் போட்டு அவரிடம் கொடுக்கவேண்டும். அவர் அவற்றைக் கலைத்து மறுபடி எங்களிடமே பங்கிட்டுத் தருவார். கையில் வந்த கட்டுரையை ஒரு வாரத்துக்குள் வாசித்து, ஓரத்தில் கேள்விகளும் இறுதியில் ஒரு பக்க வாசிப்புரையும் எழுதித் திருப்பிக் கொடுக்கவேண்டும். அதை வைத்து எழுதியவர் தம் கட்டுரையைத் திருத்தி எழுதவேண்டும். இதற்கு அவர் வைத்த பெயர் "சக வாசிப்பு". மதிப்பீடு என்ற சொல்லை அவர் வேண்டுமென்றே தவிர்த்தார். "மதிப்பீட்டை நான் பார்த்துக்கொள்ளுவன், நீங்கள் வாசியுங்கோ, அது காணும்" என்றார். கட்டுரைக்கு 60 புள்ளி, மற்றவரின் கட்டுரைக்கு எழுதும் வாசிப்புரைக்கு 40 புள்ளி. வாசிப்பதற்கும் புள்ளியா என்று பின்வாங்கில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர்களில் நானும் ஒருவன்.

ஓரக் கேள்விகளைப் பென்சிலால் மட்டுமே எழுதவேண்டும் என்பது இன்னொரு விதி. அதில் கல்வித் தத்துவம் ஏதும் இல்லை. கேள்விகளை அழிறப்பரால் அழித்துவிட்டு அதே தாளைத் திரும்பக் கொடுக்கலாம் என்பதுதான் காரணம். பெயர் இல்லாமல் கொடுப்பதும் பெயருக்குத்தான். இரண்டு ஆண்டுகள் ஒன்றாகக் குறிப்பெடுத்த எங்களுக்கு, ழகரத்தின் வாலைப் பார்த்தாலே எழுதியவர் யார் என்று தெரிந்துவிடும்.

நான் எடுத்துக்கொண்ட கதை புதுமைப்பித்தனின் "பொன்னகரம்". 1934 இல் மணிக்கொடி இதழில் வந்த அந்தக் கதை சில பக்கங்களுக்குள் முடிந்துவிடும் என்பதுதான் நான் அதைத் தேர்ந்ததற்கு உண்மையான காரணம். அப்போது எங்களுக்குத் திறனாய்வு என்றால் கைலாசபதியின் "தமிழ் நாவல் இலக்கியம்", சிவத்தம்பியின் "தமிழில் சிறுகதையின் தோற்றமும் வளர்ச்சியும்" ஆகிய இரண்டு நூல்களுந்தான். நூலகத்தில் வரிசையில் நின்று அவற்றைப் பெற்று, மேற்கோள்களைக் கொப்பியில் பெயர்த்தெழுதி வைத்திருந்தோம். அந்த நூல்களில் பிழையில்லை. அவற்றை நாங்கள் பயன்படுத்திய விதம்தான் பிழை. எந்தக் கதையைத் தந்தாலும் அதன்மேல் போர்த்தக்கூடிய போர்வையாக அவற்றின் சொற்களை ஆக்கிவிட்டிருந்தோம். நகர்ப்புற வறுமையை ஆசிரியர் யதார்த்தமாகச் சித்திரிக்கிறார், கற்பு என்னும் போலி விழுமியத்தைச் சாடுகிறார், சமூக முரண்பாடுகளை அம்பலப்படுத்துகிறார் என்று எட்டுப் பக்கங்கள் எழுதினேன். அந்த எட்டுப் பக்கங்களில் கதையின் வரி என்று இருந்தது ஒன்றே ஒன்று. அது கதையின் கடைசி வரி: "என்னமோ கற்பு, கற்பு என்று கதைக்கிறீர்களே! இதுதான், ஐயா, பொன்னகரம்!" அதையும் இரண்டு தடவை மேற்கோள் காட்டியிருந்தேன்.

ஒரு வாரம் கழித்துக் கட்டுரை திரும்பி வந்தது. வடமராட்சியிலிருந்து வந்து படித்துக்கொண்டிருந்த சக மாணவி ஒருவரின் கையெழுத்து. ஓரமெங்கும் சிறிய, நேரான பென்சில் எழுத்துகள். முதல் மூன்று பக்கங்களிலும் திரும்பத் திரும்ப ஒரே கேள்விதான்: "இது எந்த வரியில் இருக்கிறது?" முதல் தடவை பார்த்தபோது நியாயமாகத்தான் பட்டது, ஆறாவது தடவை பார்த்தபோது எனக்கு எரிச்சல் மூண்டது. ஐந்தாம் பக்கத்தில் மட்டும் கேள்வி வேறாக இருந்தது. "சந்துக்குள் நடந்ததைக் கதை சொல்லவில்லை. முக்கால் ரூபாய் என்று தொகையை மட்டும் எண்ணிச் சொல்கிறது. ஏன்?"

அன்றிரவு கதையை மறுபடி எடுத்தேன். ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, அது நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டுக் கொளுத்தும் விளக்கின் வெளிச்சம் ஒரு பக்கம் முழுவதற்கும் எட்டாது. போத்தலைப் பக்கத்தின்மேல் சிறிது சிறிதாக நகர்த்தி, நான்கைந்து வரிகளாகத்தான் வாசிக்க முடியும். கண்ணை ஓடவிட்டுக் கதையின் முடிவுக்குத் தாவ அந்த வெளிச்சம் விடாது. குதிரைவண்டிக்காரனான கணவன் அடிபட்டுக் கிடக்கிறான், பால்கஞ்சி கேட்கிறான், வீட்டில் காசில்லை, அம்மாளு இருட்டில் இறங்கிப் போகிறாள். சந்தின் பக்கத்தில், அவள்மேல் நெடுநாளாகக் கண் வைத்திருந்த ஒருவன். இருவரும் இருளில் "மறைகிறார்கள்" என்பது ஒரு வாக்கியத்தின் முடிவு. அம்மாளு முக்கால் ரூபாய் "சம்பாதித்துவிட்டாள்" என்பது அடுத்த வாக்கியத்தின் முடிவு. ஒன்று நிகழ்காலம், மற்றது முடிந்துபோன காரியம். இரண்டு வினைமுற்றுகளுக்கும் நடுவில், கதை முழுவதும் எதைச் சுற்றி நிற்கிறதோ அது காணாமற் போய்விட்டது.

அதுவரை அந்தக் கதையை நான் ஏழெட்டுத் தடவை வாசித்திருப்பேன். "சம்பாதித்தல்" என்ற சொல் அங்கே இருப்பதை ஒரு தடவையேனும் கண்டதில்லை. அது கூலிக்கும் சம்பளத்துக்கும் உரிய சொல். கதைசொல்லி அம்மாளுவுக்காக இரங்கவில்லை, அவளைப் பழிக்கவும் இல்லை. கடைக் கணக்குப்பிள்ளை மாதிரி வரவு எழுதுகிறான். காட்சியை மறைத்துத் தொகையைக் காட்டுவதன்மூலம், காட்சியை எதிர்பார்த்த வாசகனையும் அவன் பிடித்துக்கொள்கிறான். பிறகு கடைசி வரியில் "ஐயா" என்று யாரையோ விளிக்கிறானே, அந்த ஐயா யார் என்று அப்போதுதான் நான் கேட்டுக்கொண்டேன். கற்பைப் பற்றி அதுவரை கதைத்துக்கொண்டிருந்த ஒருவர் எதிரில் இருந்தால்தான் அந்த விளிப்பு பொருந்தும். எட்டுப் பக்கங்களில் நான் செய்துகொண்டிருந்ததும் அந்த ஐயாவின் கதைதான். கற்புக்கு எதிர்ப்பக்கத்தில் நின்று கதைத்தேன் என்பது மட்டுமே வித்தியாசம். "ஆசிரியர் சாடுகிறார்" என்று நான் எழுதிய இடங்களை எல்லாம் வெட்டினேன். சாடுவது ஆசிரியரா, கதைசொல்லியா, சாடல்தானா, எள்ளலா என்று ஒவ்வோர் இடத்திலும் நிற்கவேண்டியிருந்தது. திருத்தி எழுதி முடித்தபோது கட்டுரை ஐந்து பக்கங்களாகச் சுருங்கியிருந்தது. எட்டுப் பக்கங்களுக்கு எடுத்த நேரத்தைப்போல இரு மடங்கு அந்த ஐந்துக்கு எடுத்தது.

இதுவரை எழுதியதை வாசித்தால் நான் நல்ல மாணவன் என்ற எண்ணம் வந்திருக்கும். அதைக் கெடுக்கவேண்டியது என் கடமை. கட்டுரைகளைக் கலைத்துக் கொடுத்ததில், அந்த மாணவியின் கட்டுரையே என்னிடம் வந்திருந்தது. அவர் எழுதியிருந்தது புதுமைப்பித்தனின் "செல்லம்மாள்" கதையைப் பற்றி. மனைவியின் மூச்சு அடங்குவதில் தொடங்கி, பிறகு பின்னோக்கிப் போய் அவளுடைய கடைசி நாட்களைச் சொல்லும் கதை அது. முடிவைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டதால், பிரமநாயகம் பிள்ளை அவளுக்குச் செய்யும் ஒவ்வொரு சிறு பணிவிடையையும் நாம் இரண்டு மனத்தோடு வாசிக்கிறோம், அவருக்கு இருக்கும் நம்பிக்கை நமக்கு இல்லை என்பதே அந்த மாணவியின் வாதம். நிதானமான, நல்ல கட்டுரை. அதன் ஓரத்தில் நான் மூன்று இடங்களில் "நன்று" என்று எழுதினேன். இரண்டு ஒற்றுப்பிழைகளைத் திருத்தினேன். வாசிப்புரைக்குரிய பக்கத்தில், மொழிநடை சிறப்பாக அமைந்துள்ளது, கருத்துகள் தெளிவாகக் கூறப்பட்டுள்ளன என்று நான்கு வரிகள் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

கூச்சமும் ஒரு காரணம். கையெழுத்தால் ஆளைத் தெரிந்துகொண்ட பிறகு, ஒரு பெண்பிள்ளையின் கட்டுரையில் குறை கண்டு எழுதினால் எங்கள் வகுப்பு அணியில் என்ன கதை கட்டுவார்களோ என்ற பயம் இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிய காரணம், எனக்குச் சொல்ல எதுவும் இல்லை என்பதுதான். ஒருவருடைய கட்டுரையில் ஓட்டை எங்கே என்று காண்பதற்கு அந்தக் கட்டுரையையும் வாசிக்கவேண்டும், அவர் எடுத்துக்கொண்ட கதையையும் பக்கத்தில் வைத்து வாசிக்கவேண்டும். நான் "செல்லம்மாள்" கதையைத் திரும்ப எடுத்துப் பார்க்கவே இல்லை.

விரிவுரையாளர் என் வாசிப்புரைக்கு 40 இற்கு 12 போட்டுவிட்டு, பரமேஸ்வராச் சந்தியில் சைக்கிளை உருட்டிக்கொண்டு போன என்னை மறித்தார். "தம்பி, ஒற்றுப்பிழை பார்க்க அச்சகத்தில ஆள் இருக்கு. நீர் அந்தப் பிள்ளையின்ர கட்டுரையைப் பாராட்டேல்லை, வாசிக்காமல் விட்டிருக்கிறீர்" என்றார். குரலை உயர்த்தவில்லை. மறு வாரம் வேறொன்று எழுதிக் கொண்டுவரச் சொன்னார், புள்ளி மாறாது என்றும் சொன்னார்.

இரண்டாவது தடவை கதையையும் கட்டுரையையும் அருகருகே வைத்து வாசித்தேன். வாசகரின் இரக்கம் செல்லம்மாள் மீதே குவிகிறது என்று அவர் ஓரிடத்தில் எழுதியிருந்தார். ஆனால் கதை பெரும்பாலும் பிரமநாயகம் பிள்ளையின் பக்கத்திலேயே நிற்கிறது. செல்லம்மாளின் மனத்துக்குள் என்ன ஓடுகிறது என்பதை அவள் வாய்திறந்து சொல்வதற்கு அப்பால் நாம் அறிவதில்லை. அப்படியென்றால் நாம் இரங்குவது யாருக்கு? இந்த ஒரு கேள்வியைப் பென்சிலால், அழித்து அழித்து மூன்று தடவை எழுதினேன். திருத்திய பிரதியை அவர் ஒப்படைத்தபோது அதில் புதிய பந்தி ஒன்று இருந்தது. பக்கத்திலேயே இருக்கும் மனிதனுக்கும் அவளுடைய மனம் தெரியவில்லை என்பதுதான் அந்தக் கதையின் தனிமை என்று எழுதியிருந்தார். என் கேள்வி இல்லாவிட்டாலும் அவர் அதை எழுதியிருப்பார் என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் அந்தப் பந்தியின் ஓரத்தில், எனக்கென்று சிறிதாக ஒரு சரி அடையாளம் போட்டிருந்தார்.

அந்தத் தாள்கள் எதுவும் இப்போது என்னிடம் இல்லை. 1995 ஒக்ரோபர் முப்பதாந் திகதி இரவு போரால் இடம்பெயர்ந்து மழையில் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது, சைக்கிளில் ஏற்றியவை அரிசியும் ஒரு பாயும் அம்மாவின் மருந்துகளும். கட்டுரை பற்றிய நினைப்பே வரவில்லை.

மகளின் கோபம் தணிந்த பிறகு, அடுத்த வாரம், அந்தப் பையனுடைய கட்டுரைக்கு அவள் என்ன எழுதினாள் என்று கேட்டேன். இரண்டு பக்கம் எழுதியதாகச் சொன்னாள், பெரும்பாலும் கேள்விகள்தானாம். பிறகு அந்த மாணவியின் நினைவு வந்து, இப்போது இலண்டனில் இருக்கும் அவரைத் தொலைபேசியில் பிடித்தேன். முக்கால் ரூபாய்க் கேள்வியைப் பற்றி நீளமாகச் சொன்னேன், அந்த ஒரு கேள்வியால்தான் கதை வாசிக்கப் பழகினேன் என்றும் சொன்னேன். அவர் சற்று யோசித்தார்.

"அப்பிடி ஒரு கேள்வி கேட்டதாய் எனக்கு ஞாபகமே இல்லை" என்றார். "ஆனால் நீர் என்ர கட்டுரையில மூண்டு இடத்தில 'நன்று' எண்டு எழுதி விட்டது நல்லா ஞாபகம் இருக்கு."