சீட்டு தேடித் தரும் பாட்

எங்கள் காரைக்குடி கும்பலுக்காக டெலிகிராமில் ஒரு பாட் (கேட்டதற்குத் தானே பதில் போடும் நிரல்) எழுதியாச்சு. மேஜிக் த கேதரிங் என்ற சீட்டாட்டம் ஆடும்போது முகப்புத் திண்ணையில் விதிக்காக வரும் சண்டை தாங்கலை. 1993-இலிருந்து வரும் சீட்டுகள், யாருக்கு எல்லாம் நினைவிருக்கும்?

சதுர அடைப்புக்குள் பெயரைத் தட்டினால், பாட் ஸ்க்ரைஃபால் என்ற மேஜிக் சீட்டுத் தரவுத்தளத்தின் ஏபிஐயிடம் (நிரல்கள் தகவல் கேட்டு வாங்கும் வழி) கேட்டுப் படத்தோடு போட்டுவிடும். ருசியே ஃபஸி தேடல்தான். 'ஆஸ்ட் காம்' என்று அரைகுறையாக ஆங்கிலத்தில் அடித்தாலும் 'ஆஸ்டியர் கமாண்ட்' வந்து நிற்கிறது. வெறும் 'லைட்னிங்' என்றால் மட்டும் கையை விரித்துவிடும், அந்தப் பெயரில் அத்தனை சீட்டு!

"சீட்டு வெளையாட கம்ப்யூட்டர் வேறயாடா?" என்கிறார்கள் ஆயா. ஏபிஐ சீட்டின் விலையும் தருகிறது, அதை மட்டும் வீட்டில் காட்டுவதாக இல்லை. குழுவில் சேர விருப்பமிருந்தால் உள்பெட்டிக்கு வாங்க.